மலை ஏறாத வருஷம்

என் நாத்தனார் எதையும் கேட்டுவிட்டுத்தான் செய்வாள். கேட்டதற்கு வந்த பதிலை அப்படியே எடுத்துக்கொள்வாள். அவளைப் பற்றி இந்த ஒன்றைச் சொன்னாலே பாதி சொன்ன மாதிரி. மீதிப் பாதி அவளுடைய சைக்கிள். அவள் போய் மூன்று வருஷமாகிறது. காய்ச்சல் என்று படுத்தாள், நான்காம் நாள் போய்விட்டாள். பேரைப் போடவில்லை. போட்டால் சொந்தக்காரர்கள் படித்துவிட்டு, செத்தும் அவளை அண்ணி விடவில்லை என்பார்கள்.

அவளுக்குப் பெரிய ஆசைகள் கிடையாது. நகை கேட்டதில்லை, நல்ல சேலை கேட்டதில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். கண் பார்வை போவதற்குள் கெரிக் மலைப்பாதையைச் சைக்கிளில் கடந்து, கிளந்தான் பக்கத்துக் கடலை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றாள். என்னிடம்தான் கேட்டாள். நான் கூடாது என்றேன். அதைச் சொல்லத்தான் இந்த எழுபத்தாறு வயதில் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அவள் என் வீட்டுக்காரரின் தங்கை. கல்யாணம் கூடிவரவில்லை. அதற்காக அவள் கவலைப்பட்டும் நான் பார்க்கவில்லை. பினாங்குத் தீவில், பினாங்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்களுக்குப் பூஜை சாமான் கடை. கீழே கடை, மேலே வீடு. நான் வாழ வந்த நாளிலிருந்து அவளும் எங்களோடுதான். அக்கரையில் மாக் மண்டினில் பிளாஸ்டிக் வாளி செய்கிற ஒரு கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தாள். காலையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஃபெரியில் ஏறுவாள். அக்கரையில் இறங்கி மிதிப்பாள். சாயங்காலம் அதே மாதிரி திரும்புவாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஃபெரிக்காரர் ஒருவர், சைக்கிளெல்லாம் கடைசியில் ஏற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து கடைசியாகத்தான் ஏறுவாள். அந்த ஆள் ஓய்வு பெற்றுப் போய், புதிதாக வந்தவர்கள் முன்னால் வரச் சொல்லிக் கூப்பிட்டாலும் சிரித்துக்கொண்டு அங்கேயே நிற்பாள். ஒருநாள் நானும் கூட இருந்தேன். மழைத்தூறல் வேறு.

“அதான் கூப்பிடுறானே, ஏறித் தொலையேன்” என்றேன்.

“அவர் கடைசின்னு சொன்னாரே அண்ணி.”

“அந்த ஆளு செத்தே போயிட்டான்டி.”

“செத்துட்டா சொன்னது மாறிடுமா?”

நனைந்துகொண்டு நானும் அவளோடு கடைசியாக ஏறினேன். வெல்ட் கீ பக்கம் ஒருநாள் சிக்னல் விளக்கு பழுதாகிச் சிவப்பிலேயே நின்றுவிட்டதாம். காரெல்லாம் ஹாரன் அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்க, இவள் மட்டும் அரை மணி நேரம் காலை ஊன்றிக்கொண்டு நின்றிருக்கிறாள். போலீஸ்காரர் வந்து போகச் சொன்ன பிறகுதான் மிதித்தாள். வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். அவளும் எங்களோடு சேர்ந்து சிரிப்பாள்.

வேலை முடிந்து வீட்டோடு இருக்க வேண்டிய வயதில்தான் அவள் ஊர் சுற்றவே ஆரம்பித்தாள். கியர் வைத்த நல்ல சைக்கிள் ஒன்று வாங்கினாள். முதலில் ஞாயிற்றுக்கிழமைகளில் தீவைச் சுற்றுவது. பத்து ஃபெரிங்கி கடலோரமாகப் போய், தெலுக் பகாங்கில் மலை ஏறி, பாலிக் பூலாவில் இறங்கி, மறுபடி ஒரு மலை ஏறி, தெலுக் கும்பார் வழியாக வீடு. பிறகு கோல முடா, பெர்லிஸ், தைப்பிங் என்று நீண்டது. கேமரன் மலைக்குக்கூட மிதித்தே ஏறினாள். சீன டீச்சர் ஒருத்தியும், ஒரு புருஷன் பெண்டாட்டியும் கூட்டு. எல்லாரும் அறுபதைத் தொட்டவர்கள். கோயில் மண்டபம், பள்ளிக்கூட வராந்தா, போலீஸ் ஸ்டேஷன் முற்றம் என்று கேட்டுக் கேட்டுப் படுப்பார்கள். கேட்கும் வேலை எப்போதும் என் நாத்தனாருக்குத்தான். அவள் கேட்டால் யாரும் இல்லையென்று சொல்ல மாட்டார்களாம்.

டீச்சர் கைப்பேசியில் வழி பார்ப்பாள். என் நாத்தனார் இறங்கி ஆளைக் கேட்பாள். கோல முடா பக்கம் மீன் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு மலாய்க்காரக் கிழவி, அந்தப் பாதையில் நாய் துரத்தும், சுற்றிப் போ என்றிருக்கிறாள். கூட வந்தவர்கள் நேராகப் போய்விட்டார்கள். இவள் மட்டும் வயல் வரப்பெல்லாம் சுற்றி ஒன்றரை மணி நேரம் கழித்து வந்து சேர்ந்தாளாம்.

“நாய் இருந்துச்சா?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

“அவங்க போன வழியில ஒண்ணுகூட இல்லையாம் அண்ணே. நான் சுத்திப் போன வழியிலதான் மூணு இருந்துச்சு.”

அவர் சிரித்ததில் வாயிலிருந்த காப்பி சட்டையெல்லாம் தெறித்தது.

வெளியூர் போய் வந்தால் முதலில் சைக்கிளுக்குத்தான் குளியல். கடை வாசலில் அஞ்சடி நடைபாதையில் அதைத் தலைகீழாக நிறுத்தி, பழைய பல் விளக்கும் பிரஷ்ஷால் சங்கிலியை விளக்குவாள். முட்டிவரை கால்சட்டை, தலையில் தொப்பி, வெயிலில் கறுத்த கெண்டைக்கால். கற்பூரமும் குத்துவிளக்குத் திரியும் வாங்க வருகிறவர்கள் அவளைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். எனக்கு மானம் போகும்.

ஒருநாள் பெரிய இடத்துப் பெண்மணி ஒருவர் வந்தார். கோயில் கமிட்டியில் இருப்பவர். “வாசல்ல இருக்கிறது யாரு, அக்கா? உங்க வீட்டு ஆளா?” என்றார். “மேல வாடகைக்கு இருக்கிற ஆளு” என்று சொல்லிவிட்டேன். வாய் தவறிச் சொன்னதாக நினைக்க வேண்டாம். யோசித்துத்தான் சொன்னேன். வாசலில் பிரஷ் ஓடும் சத்தம் ஒரு நொடி நின்று, திரும்பவும் ஓடியது.

அந்த அம்மா அதன் பிறகும் மாதம் ஒருமுறை வருவார். அவர் கடைக்குள் இருக்கும்போது இவள் மாடியிலிருந்து இறங்கி வந்தால் என்னை அண்ணி என்று கூப்பிட மாட்டாள். “அக்கா, தண்ணி மோட்டார் போட்டாச்சா?” என்பாள். வாடகைக்காரி கேட்கிற மாதிரியே கேட்பாள். நான் சொன்ன பொய்யை எனக்காக அவள் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். அதை ஒருநாளும் என்னிடம் பேசியதில்லை. நானும் எடுத்ததில்லை.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தது புரியாது. எங்கள் கடைக்குச் சாமான் வாங்க வருகிறவர்கள் சாங்கியமும் கேட்டுக்கொண்டு போவார்கள். எட்டாம் நாள் படையலுக்கு என்ன வைப்பது, பதினாறுக்கு யார் முன்னால் உட்காருவது, துக்க வீட்டில் எப்போது மறுபடி மாவிலை கட்டலாம், எல்லாம் என்னைத்தான் கேட்பார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் ஆபீசில் பெரிய வேலை பார்க்கிற பெண்களெல்லாம் பேனாவும் காகிதமுமாக நின்று, நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு போவார்கள். அந்தப் பெருமை எனக்கு நிறைய உண்டு. இப்போதும் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் கடைக்கு வந்து உட்காருவதற்கு முன்னால் லாரி ஓட்டினார். பினாங்கிலிருந்து கெரிக் மலை வழியாகக் கிளந்தானில் இருக்கும் கோத்தா பாருவுக்கு. வாரத்தில் பாதி நாள் அந்தப் பாதையில்தான் இருப்பார். எனக்கு அந்தப் பாதையைக் கண்ணால் பார்க்காமலே பிடிக்காது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், மாடியில் ஒழுகினாலும், அவர் அங்கேதான். ஆனால் தங்கைக்கு அந்தப் பாதை கதை. அவர் சொல்லச் சொல்லக் கன்னத்தில் கை வைத்துக் கேட்பாள். ரோட்டின் நடுவில் யானைச் சாணம் ஆவி பறக்கக் கிடக்கும், பகல் பத்து மணிக்கும் லைட் போட வேண்டிய அளவுக்குப் பனி இறங்கும், ஏரியின் மேல் பாலம் போகும்போது இரண்டு பக்கமும் தண்ணீருக்குள் செத்த மரங்கள் நிற்கும் என்பார். கடைசியில் கடல் வரும்.

“நம்ம பக்கம் சூரியன் கடல்ல இறங்கும். அந்தப் பக்கம் கடல்லேர்ந்து ஏறும். ஈரத்தோட வர்ற மாதிரி இருக்கும்” என்பார்.

“நான் பாத்துட்டு வந்து சொல்றேண்ணே” என்பாள். அவர் பார்த்ததையே தானும் பார்த்துவிட்டு வந்து அவருக்குச் சொல்வாளாம்.

அவளுக்கு அறுபத்து மூன்று வயதில் கண்ணில் அழுத்தம் என்று டாக்டர் கண்டுபிடித்தார். நேராகப் பார்த்தால் தெரியும், ஓரம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டு வந்தது. மருந்து ஊற்றினால் மெதுவாகப் போகும், போனது திரும்பாது என்றார். இந்த வருஷம் சைக்கிள் ஓட்டலாம், அடுத்த வருஷம் சொல்ல முடியாது என்றார். அதைக் கேட்டுவிட்டு வந்து அண்ணனிடம், “அப்ப இந்த வருஷமே கெரிக் போயிடுறேண்ணே” என்றாள். மழைக்காலம் முடியட்டும், பங்குனியில் போ என்றார் அவர். டீச்சரும் மற்ற இருவரும் வருவதாக ஒத்துக்கொண்டார்கள்.

தைப்பூசம் முடிந்த வாரம் என் வீட்டுக்காரர் போய்விட்டார். குளித்துவிட்டு வந்து, துண்டைக் கொடியில் போட்டவர் அப்படியே உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

பதினாறு முடிந்து நாலைந்து நாள் இருக்கும். நான் கடையில் குங்குமம் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். அவள் வந்து எதிரே நின்றாள்.

“அண்ணி, ஒண்ணு கேக்கணும்.”

“கேளு.”

“பங்குனி பொறந்ததும் டீச்சர்லாம் கிளம்புறாங்க. நானும் போயிட்டு வரட்டா?”

எங்கே என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் “எங்க?” என்றேன்.

“அண்ணன் சொன்ன பாதைதான்.”

பொட்டலத்தை மடித்து, ஓரத்தைச் செருகி, அடுக்கில் வைத்துவிட்டுச் சொன்னேன். “துக்க வீட்டுக்காரங்க ஒரு வருஷம் மலை ஏறக் கூடாது. தெரியாதா உனக்கு?”

“அது கோயில் மலைக்குன்னு நெனச்சேன்.”

“மலைன்னா மலைதான்.”

“நான் தங்கச்சிதானே அண்ணி. தங்கச்சிக்கும் உண்டா?”

“கட்டிக் குடுத்திருந்தா பதினாறோட போயிருக்கும். நீ இந்த வீட்டுப் பொண்ணு. உனக்கும் உண்டு.”

கண்ணைப் பற்றி அவள் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. “டாக்டர் இந்த வருஷம் ஓட்டலாம்னாரு...”

“டாக்டர் என்ன சாமியா? ஒரு வருஷத்துல கண்ணு எங்கயும் ஓடிப் போயிடாது.”

“ஆறு மாசத்துல தீராதா அண்ணி?”

“வருஷம்னா வருஷம்.”

“சரி அண்ணி” என்றாள். அவ்வளவுதான். மாடிக்குப் போய் டீச்சருக்கு ஃபோன் போட்டு, எங்க வீட்டு வழக்கம், நீங்க போயிட்டு வாங்க என்று சொன்னது கீழே எனக்குக் கேட்டது.

அது கோயில் மலைக்குத்தான். ரோட்டுக்கு இல்லை. எனக்கு நன்றாகத் தெரியும். அதற்கு ஆறு மாதம் முன்னால்தான் கேமரனில் காய்கறித் தோட்டத்தில் வேலை செய்கிற ஒருவர், அப்பா செத்து இருபது நாளில், மறுபடி மேலே போகலாமா என்று கேட்டு வந்தார். “சாமி மலைக்குத்தான்யா கூடாது. நீ தாராளமா போ” என்று சொல்லி அனுப்பியவளே நான்தான். யாரோ ஒருவருக்கு ஒரு சாங்கியம், வீட்டில் இருப்பவளுக்கு ஒரு சாங்கியம்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போது என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. வழக்கத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே இருந்தது வேறு. அவர் போன பிறகு கடையைச் சாத்திவிட்டு மாடி ஏறினால் எனக்குக் கால் கூசும். அவருடைய தட்டு கவிழ்த்து வைத்தபடி இருக்கும். பக்கத்து அறையில் அவள் நடக்கிற சத்தமும், சைக்கிள் பெடலை அவள் சும்மா சுற்றிப் பார்க்கிற டிக்டிக் சத்தமும் கேட்டால்தான் எனக்கு மூச்சு வரும். இரும்மா, எனக்குப் பயமாயிருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊருக்கே சாங்கியம் சொல்கிற வாயில் அது வரவில்லை. மலையை இழுத்து நடுவில் வைத்துவிட்டேன்.

அந்த வருஷம் முழுக்க அவள் சைக்கிளை விடவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் என்னிடம் வந்து கேட்பாள்.

“அண்ணி, பாலிக் பூலா போகட்டா? தெலுக் கும்பார் பக்கமா போனா சின்ன ஏத்தம்தான். அது மலையா, மேடா?”

“மலை.”

“தண்ணி டேங்க் பக்கம்?”

“அது மேடு. போ.”

நீதிபதி மாதிரி உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னேன். அதில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். பாலிக் பூலாவுக்கு எந்தப் பக்கமிருந்து போனாலும் ஏற்றம் உண்டு. அதனால் அவளால் தீவைச் சுற்ற முடியவில்லை. ஏற்றம் தொடங்குகிற இடம்வரை போய், ஒரு காலை ஊன்றி நின்று, மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பி வருவாளாம். அங்கே டுரியான் பழம் விற்கிறவர் எனக்குத் தெரிந்தவர். “உங்க வீட்டம்மா வாராவாரம் வந்து நின்னுட்டுப் போறாங்க. யாரையாவது தேடுறாங்களா?” என்று கேட்டார். வெயிலுக்கு இளைப்பாற நிற்பாள் என்றேன்.

பங்குனியில் மற்ற மூவரும் போனார்கள். ஒருநாள் காலையில் டீச்சர் கைப்பேசியில் படம் அனுப்பியிருந்தாள். கடல், அதற்கு மேல் சூரியன். நாத்தனார் அதைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு எனக்கும் காட்டினாள்.

“அண்ணன் சொன்ன மாதிரியே இருக்கு அண்ணி. ஈரமா இருக்கு பாருங்க.”

“சூரியன் எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்” என்றேன்.

அதைவிட மோசம் அடுத்தது. பள்ளி விடுமுறையில் என் மகள் கிள்ளானிலிருந்து மாப்பிள்ளையோடு வந்தாள். அப்பா போன பிறகு அம்மா எங்கேயும் போகவில்லையே என்று கொடிமலைக்குக் கூட்டிப்போக ஏற்பாடு செய்தாள். ஆயர் ஈத்தாமில் மலை ரயில் ஏறும் இடம்வரை நாத்தனாரும் வந்தாள். டிக்கெட் எடுக்கிற இடத்தில் நின்றுவிட்டாள்.

“எனக்கு எடுக்காதம்மா. எனக்கு இன்னும் வருஷம் ஆகல.”

மகள் என்னைப் பார்த்தாள். “அம்மா, அத்தைக்கு ஆகாதுன்னா உனக்கு மட்டும் ஆகுமா?”

பின்னால் வரிசையில் நம் ஆட்கள் நாலைந்து பேர். என் கடைக்கு வருகிறவர்களும் உண்டு. இல்லை என்று திரும்பினால் விடுமுறை கெடும். போனால் நான் சொன்னது கெடும். “ரயில்தானே ஏறுது? நான் சும்மா உக்காந்துக்கிட்டுத்தானே இருக்கப் போறேன்” என்றேன். சத்தமாகவே சொன்னேன், வரிசைக்கும் கேட்கட்டும் என்று.

மகள் வாயைத் திறந்தாள். நாத்தனார் முந்திக்கொண்டாள். “ஆமாம்மா. அண்ணி காலால ஏறலையே. நீங்க போயிட்டு வாங்க. பையெல்லாம் என்கிட்ட குடுங்க.”

ரயில் செங்குத்தாக ஏறியது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கீழே பெஞ்சில், மடியில் மூன்று பைகளோடு, நேராக முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மேலே போய் எல்லாரும் ஐஸ் கச்சாங் சாப்பிட்டோம். ஊரையும் கடலையும் பாலத்தையும் பார்த்தோம். நல்ல காற்று. இரண்டு மணி நேரம் கழித்து இறங்கினால் அதே பெஞ்சில், அதே மாதிரி இருந்தாள். “மேல குளிரா அண்ணி?” என்று கேட்டாள். கேலி எங்கேயாவது இருக்கிறதா என்று அவள் முகத்தில் தேடினேன். இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த தைப்பூசத்துக்கு நான் தண்ணீர்மலைக் கோயிலுக்கு ஏறாமல் கீழேயே நின்று கும்பிட்டேன். பார்த்தவர்கள், வருஷம் முடியலல்ல, அக்கா சுத்தமா கடைப்பிடிக்கிறாங்க என்று பேசிக்கொண்டார்கள். அவளும் என் பக்கத்தில் நின்றாள்.

வருஷத் திதி கொடுத்து முடித்த மறுநாள் காலை, “இப்ப போலாமா அண்ணி?” என்று கேட்டாள். போ என்றேன். கெரிக்குக்கு முன்னால் காலைப் பழக்க வேண்டுமென்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். டத்தோ கிராமட் சாலையைக்கூடத் தாண்டவில்லை. ஓரமாக நின்ற கார் ஒன்றின் கதவை யாரோ திறந்திருக்கிறார்கள். இடது பக்கம் அது திறந்ததே அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. கை எலும்பில் கீறல், தாடையில் தையல். கண் டாக்டர் பரிசோதித்துவிட்டு, இனி ரோட்டில் சைக்கிள் கூடவே கூடாது என்றார்.

“சரி டாக்டர்” என்றாள். என்னிடம் சொன்ன அதே சரி.

அதற்குப் பிறகு அவள் கடையில் என்னோடு உட்கார ஆரம்பித்தாள். ஊதுபத்திக் கட்டைத் தடவிப் பார்த்தே எண்ணி விடுவாள். எனக்குத் துணை கிடைத்தது. நான் கேட்ட துணை முழுசாகக் கிடைத்தது. மத்தியானத்தில் ஆள் வராத நேரத்தில் பக்கத்தில் அவள் சும்மா இருப்பாள், அவள் முட்டி மட்டும் மேலும் கீழும் மெதுவாக அசைந்துகொண்டிருக்கும். நான் பார்க்காத மாதிரி கல்லாவுக்கு மேலிருந்த பிள்ளையார் படத்தைத் துடைப்பேன்.

இப்படியே ஒரு வருஷம் போனது. எனக்குப் பொறுக்கவில்லை. செபராங் ஜெயாவில் இருக்கும் மகனை ஒரு ஞாயிற்றுக்கிழமை காரோடு வரச் சொன்னேன். அவளுக்குச் சொல்லவில்லை. கட்டுச்சோறுகூடக் கட்டிவிட்டேன்.

“கிளம்பு. கெரிக் வழியா கோத்தா பாருக்குப் போறோம். கடலப் பாக்குறோம்.”

“வேணாம் அண்ணி.”

அவள் எனக்கு வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

“ஏன் அத்தை?” என்றான் மகன். “ஏர்கோன் போட்டு ஜம்முனு போலாம்லா.”

“நீ உன் பொண்டாட்டிய கூட்டிட்டுப் போடா. கார்ல போனா எனக்கு மலை தெரியாது. தூங்கிடுவேன். மலை முட்டியிலதான் தெரியும்.”

மகனைக் காப்பி வாங்க அனுப்பினேன். அவன் சந்து திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னேன்.

“அது கோயில் மலைக்குத்தான். ரோட்டுக்கு இல்ல. எனக்கு அப்பவே தெரியும்.”

ஊதுபத்திக் கட்டின் மேல் அவள் கை அப்படியே நின்றது. நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்புறம் ஏன் அண்ணி?”

“பயந்துட்டேன். அவரும் போயிட்டாரு. நீயும் போயிட்டா மாடியில நான் ஒருத்தி. நீ திரும்பி வர எத்தன மாசம் ஆகுமோன்னு...”

“மாசமா?”

“வெள்ளக்காரங்கல்லாம் வருஷக் கணக்கா மிதிச்சுட்டு வந்து நம்ம சந்துல நிக்கிறாங்களே. அந்த மாதிரின்னு நெனச்சேன்.”

அவள் இரண்டு கைகளையும் தூக்கித் தன் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு விரலாக நிமிர்த்தினாள். “பாலிங் ஒரு நாளு. கெரிக் ஒரு நாளு. ஏரிக்கிட்ட ஒரு நாளு. மலை இறங்கி ஜெலி ஒரு நாளு. அஞ்சாம் நாள் கடல். மறுநாள் காலையில சூரியன் வர்றதப் பாத்துட்டு பஸ் ஏறிருப்பேன். சைக்கிள பஸ்ஸு அடியில போட்டுக்கலாம்.”

நிமிர்ந்து நின்ற விரல்களை இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தாள்.

“ஆறு நாள் அண்ணி. கேட்டிருந்தா சொல்லிருப்பேனே.”